புரோட்டீன் சப்யூனிட்டுங்க ஒண்ணு சேர்ற விதத்த கம்பேர் பண்றது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விங்க

சிங்கப்பூர்ல ஒன்-நார்த் பக்கம் ஒரு லேப்ல வேலை பாக்குறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை பாலிடெக்னிக்லேர்ந்து அட்டாச்மென்ட்டுக்குப் புதுப் பசங்க வருவாங்க, வந்த ரெண்டாவது வாரமே வாட்ஸ்அப் வந்துடும், "அக்கா ஸ்கோர் 0.5 வருது, இது பாஸா ஃபெயிலா?"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை கட்டினதுதான் மிச்சம், அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிட்டேன். தமிழ்ல எதுக்குன்னு கேட்டா, என் சித்தி பொண்ணு பயோமெட் படிக்கிறா, "இங்கிலீஷ்ல படிச்சா தலைக்குள்ள போக மாட்டேங்குதுக்கா, நீ வீட்ல பேசுற மாதிரி சொல்லு"ன்னா. வீட்ல பேசுற மாதிரியேதான் இருக்கும், இலக்கணம் தேடாதீங்க.

சப்யூனிட்னா என்ன, சுருக்கமா?

அமினோ ஆசிட் சங்கிலி ஒண்ணு மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வருது, அது ஒரு செயின். நிறைய புரோட்டீன் அப்படித் தனியா நின்னா வேலைக்கு ஆகாது, ரெண்டு, நாலு, இருபத்திநாலுன்னு கூட்டு சேந்தாதான் காரியம் நடக்கும், அந்தக் கூட்டுல ஒவ்வொரு ஆளும் ஒரு சப்யூனிட். பாடப்புத்தகத்துல நான்காம் நிலை அமைப்புன்னு வரும், குவாட்டர்னரி ஸ்ட்ரக்சர்ங்கிற அந்தப் பேர 1958-ல வச்சது ஜே. டி. பெர்னல். எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் ஹீமோகுளோபின், ஆல்ஃபா ரெண்டு பீட்டா ரெண்டு, மொத்தம் நாலு. அதோட உருவத்தக் கண்டுபிடிச்ச மேக்ஸ் பெருட்ஸுக்கு 1962-ல நோபல் கிடைச்சுது.

தேக்கா பூக்கடையில நின்னு பாருங்க, அதே மல்லிதான், நெருக்கிக் கட்டினா சரம், கனமாக் கட்டி ரெண்டு முனையையும் சேத்தா மாலை. பூவ மட்டும் பாத்து எது சரம் எது மாலைன்னு சொல்ல முடியாது. நம்ம வேலையும் அதான், பூவ இல்ல, கட்டின விதத்தப் பாக்கணும்.

ஒரு செயின எடுத்து இன்னொரு செயின் மேல வச்சுப் பாத்தா போதாதா?

போதாது. இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கச்சாங். அந்தக் காலத்துல சினிமா கொட்டகை வாசல்ல தலையில தட்ட வச்சுக்கிட்டு கச்சாங் பூத்தே வித்தவங்க பெரும்பாலும் நம்ம ஆளுங்கதானே, அந்தக் கச்சாங் இருக்கே, நிலக்கடலை, அதுக்குள்ள லெக்டின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, சர்க்கரையப் பிடிச்சுக்கிற வகை. பட்டாணியிலயும் இருக்கு, வாளவரையிலயும் இருக்கு, பயறு வகை பெரும்பாலானதுல ஒரு லெக்டின் இருக்கும். ஒத்தச் செயின எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அச்சு அசலா ஒரே மடிப்பு, எந்த டூல்ல போட்டாலும் ஸ்கோர் சூப்பரா வரும், ஆனா சேர்ற விதம் ஒவ்வொண்ணுலயும் வேற. பட்டாணி லெக்டின் ரெண்டு ரெண்டா நிக்கும். வாளவரையோட கான்கனாவாலின் ஏ நாலா, ஒழுங்கான சிமெட்ரியோட நிக்கும். நிலக்கடலை லெக்டினும் நாலுதான், நாலும் ஒரே சப்யூனிட், ஆனா நாலு ஒரே ஆள் சேந்தா வழக்கமா வர்ற சிமெட்ரி அதுல இல்ல, கோணலா திறந்தாப்புல நிக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல எம். விஜயன் குழு அத 1994-ல காட்டினப்போ ஆச்சரியமாத்தான் இருந்திருக்கும், ஏன்னா ஒரே மாதிரி சப்யூனிட் சேந்தா சமச்சீராத்தான் சேரும்னு எல்லாருக்கும் ஒரு எதிர்பார்ப்பு, 1965-ல மோனோ, வைமன், ஷாஞ்சோ மூணு பேரும் எழுதின புகழ்பெற்ற பேப்பர்லேர்ந்தே அது இருக்கு.

ஆக, செயின் அளவுல "ஒண்ணேதான்"னு வர்ற பதிலும் கூட்டு அளவுல வர்ற பதிலும் ரெண்டு தனித்தனி பதில். எதக் கேக்குறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு டூல தொடுங்க.

பிடிபிலேர்ந்து ஃபைல டவுன்லோட் பண்ணி அப்படியே போட்டுடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதுறேன்னு வச்சுக்கோங்க. போட்டுடாதீங்க.

பிடிபிங்கிறது புரோட்டீன் டேட்டா பேங்க், 1971-ல ஆரம்பிச்சது, இப்போ 2 லட்சத்துக்கு மேல ஸ்ட்ரக்சர் இருக்கு. கிரிஸ்டல்லேர்ந்து எடுத்த ஸ்ட்ரக்சர்னா, நீங்க டவுன்லோட் பட்டன அமுக்கினதும் வர்றது பெரும்பாலும் அசிமெட்ரிக் யூனிட். அதாவது கிரிஸ்டல் முழுக்கத் திரும்பத் திரும்ப வர்ற டிசைன்ல ஒரு சின்னத் துண்டு, அத சிமெட்ரி கணக்குப்படி சுத்திச் சுத்தி வச்சா மொத்த கிரிஸ்டலும் வந்துடும். கோலத்துல கால்வாசியப் போட்டுட்டு மிச்சத்த நீங்களே சுத்திப் போட்டுக்கோங்கன்னு குடுக்குற மாதிரி. அந்தத் துண்டுல முழு கூட்டும் இருக்கலாம், பாதி கூட்டு இருக்கலாம், சில சமயம் ரெண்டு மூணு கூட்டு கூட இருக்கலாம். உடம்புக்குள்ள உண்மையா இருக்குற கூட்டுக்கு பயாலஜிக்கல் அசெம்ப்ளின்னு தனி ஃபைல் இருக்கு.

நான் வேலைக்குச் சேந்த மூணாவது வாரம் நடந்த கூத்து. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினுக்கு பிடிபி நம்பர் 4எச்எச்பி (4HHB), ஆக்சிஜன் பிடிச்சதுக்கு 1எச்எச்ஓ (1HHO), ரெண்டையும் இறக்கி கம்பேர் பண்ணேன், 0.5 பக்கம் வந்துச்சு, ஆஹா எவ்வளவு பெரிய மாற்றம்னு நாலு ஸ்லைடு போட்டு, ஆக்சிஜன் வந்தா கூட்டே பாதியா உடையுதுன்னு அம்புக்குறியெல்லாம் வரைஞ்சு வச்சேன். மீட்டிங்ல எங்க பாஸ் ஒரே கேள்விதான் கேட்டார், "உன் ஃபைல்ல எத்தனை செயின்?" 4எச்எச்பி ஃபைல்ல ஏ, பி, சி, டி நாலு செயினும் இருக்கு. 1எச்எச்ஓ அசிமெட்ரிக் யூனிட்ல ஏ, பி ரெண்டுதான், மிச்ச ரெண்டு சிமெட்ரி போட்டாதான் வரும். முழு ஆள பாதி ஆளோட கம்பேர் பண்ணா பாதி ஸ்கோர்தான் வரும், இதுல கண்டுபிடிப்பு எங்கேர்ந்து வந்துச்சு. அன்னிக்கு மதியம் கோப்பிக்கடையில யாரும் என்ன ஓட்டாம விடல.

அதனால முதல் வேலை, ஃபைலத் திறந்து செயின எண்ணுங்க. அடுத்த குழி ஒண்ணு இருக்கு: பழைய பிடிபி ஃபார்மேட்ல அசெம்ப்ளி ஃபைல எடுத்தா (பிடிபி1னு முடியும்) சுத்தி வச்ச ஒவ்வொரு காப்பியும் ஒரு தனி மாடலா உள்ள கிடக்கும், அதே ஏ, பி பேரோட. டூல் முதல் மாடல மட்டும் படிச்சுட்டு சும்மா இருந்துடும், எரர் கூட வராது. உருவத்தப் படமாக் காட்டுற பைமால் சாஃப்ட்வேர்ல திறந்தா கூட ஒரு ஸ்டேட்தான், அதாவது ஒரு மாடல்தான் தெரியும், ஸ்டேட்டப் பிரிச்சு எல்லாத்தையும் காட்டச் சொல்லணும்.

பயாலஜிக்கல் அசெம்ப்ளின்னு பிடிபிலயே போட்டிருந்தா நம்பிடலாமா?

பாதி நம்புங்க. அது சில சமயம் பேப்பர் எழுதினவங்க சொன்னது, சில சமயம் சாஃப்ட்வேர் சொன்னது, சில சமயம் ரெண்டும் ஒத்துப்போகும், அந்த என்ட்ரி பக்கத்துலயே எதுன்னு போட்டிருப்பாங்க. கிரிஸ்டலுக்குள்ள எல்லாரும் பீக் அவர் எம்ஆர்டி ரயில் மாதிரி ஒட்டித்தான் நிப்பாங்க, பக்கத்துல நிக்கிறவரெல்லாம் சொந்தக்காரர்னு சொல்ல முடியுமா? உண்மையான இன்டர்ஃபேஸ் (ரெண்டு சப்யூனிட் ஒட்டுற இடம்) எது, கிரிஸ்டல் நெரிசல்ல சும்மா ஒட்டினது எதுன்னு பிரிக்கிறதுதான் கஷ்டம்.

இதுக்குப் பழைய நம்பிக்கையான ஆள் பிசாங்கிற சாஃப்ட்வேர், கிரிசினெல், ஹென்ரிக் ரெண்டு பேரும் 2007-ல எழுதினது, எவ்வளவு பரப்பு உள்ள மறையுது, பிரிக்க எவ்வளவு எனர்ஜி வேணும்னு கணக்குப் போட்டு எந்தக் கூட்டு தண்ணியில நிலைச்சு நிக்கும்னு சொல்லும். எப்பிக்னு இன்னொண்ணு, அது பரிணாமத்தப் பாக்கும், இன்டர்ஃபேஸ்ல இருக்குற அமினோ ஆசிட் பல உயிரினங்கள்ல மாறாம இருந்தா அது நிஜம்னு. புரோட்சிட் வேற வழியில போகும், ஒரே குடும்பத்து புரோட்டீன் வேற வேற கிரிஸ்டல்ல இருந்தும் அதே ஒட்டல் திரும்பத் திரும்ப வருதான்னு பாக்கும், எனக்கு இந்த யோசனைதான் ரொம்பப் பிடிக்கும், நெரிசல்ல ஒரு நாள் பக்கத்துல நின்னவர் வேற, தினமும் பக்கத்துலயே நிக்கிறவர் வேற இல்லையா. லெவி குழு 2018-ல வெளியிட்ட க்யூஎஸ்பயோவும் அதே ரகம், சொந்தக்கார புரோட்டீனுங்க கூட்ட வச்சு ஒவ்வொரு பிடிபி கூட்டுக்கும் நம்பிக்கை மதிப்பெண் குடுக்குது.

எல்லாத்துக்கும் மேல, புரோட்டீன் கையில இருந்தா எடை போட்டுப் பாருங்க. செக்-மால்ஸ், மாஸ் ஃபோட்டோமெட்ரி, அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் ஏதாவது ஒண்ணு. கம்ப்யூட்டர் டெட்ராமர்னு (நாலு பேர் கூட்டு) சொல்லி மெஷின் டைமர்னு (ரெண்டு பேர் ஜோடி) சொன்னா நான் மெஷின் பக்கம்தான்.

டிஎம்-ஸ்கோர் 0.5க்கு மேல வந்தா ஒரே மாதிரின்னு அர்த்தமா?

ஒத்தச் செயினுக்கு அப்படிச் சொல்லலாம், 0.5-ஐத் தாண்டினா பொதுவா ஒரே மடிப்பு. கூட்டுக்கு அந்தக் கோட்ட அப்படியே தூக்கிட்டுப் போகக் கூடாது, ஏன்னு கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீங்க ஓ லெவல் கணக்குதான்.

ஆர்எம்எஸ்டிங்கிறது ரெண்டையும் மேல மேல வச்சு, தூரத்தையெல்லாம் ஸ்கொயர் பண்ணி சராசரி எடுத்து ரூட் போடுறது, ஒரு மூலையில ஒரு வால் மட்டும் தூக்கிட்டு நின்னாலும் நம்பர் எகிறிடும். அத சரி பண்ண 2004-ல யாங் ஜாங், ஸ்கோல்னிக் ரெண்டு பேரும் கொண்டு வந்ததுதான் டிஎம்-ஸ்கோர். ஒவ்வொரு ரெசிட்யூவும் (சங்கிலியில ஒரு அமினோ ஆசிட்) எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாத்து, அத டி-ஜீரோன்னு ஒரு அளவால வகுத்து, ஸ்கொயர் பண்ணி, ஒண்ணு கூட்டி, தலைகீழாக்கி, சராசரி எடுக்கணும். அந்த டி-ஜீரோ நீளத்தப் பொறுத்து வளரும். 100 ரெசிட்யூ புரோட்டீனுக்கு சுமாரா 3.65 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடியில ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்). ஹீமோகுளோபின் முழு கூட்டு, ஆல்ஃபா 141, பீட்டா 146, ரெண்டு ரெண்டு சேத்தா 574, அதுக்கு டி-ஜீரோ 8.4 பக்கம். இப்போ எல்லா ரெசிட்யூவும் 2.5 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க, சின்ன புரோட்டீனுக்கு ஸ்கோர் 0.68, ஹீமோகுளோபினுக்கு 0.92. அதே நகர்வுதான்! கூட்டு பெருசாகப் பெருசாக டிஎம்-ஸ்கோர் தாராள மனசுக்காரர் ஆயிடுவார். அதனால பெரிய கூட்டுல 0.9 வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டு ஃபைல மூடிடாதீங்க, வேலையே அந்த மிச்சத்துக்குள்ள இருக்கலாம்.

இன்னொண்ணு, ஸ்கோர் எப்பவும் ரெண்டு வரும், ஒண்ணு முதல் ஸ்ட்ரக்சரோட நீளத்தால வகுத்தது, ஒண்ணு ரெண்டாவதோடது. என் கூத்துல நான் 574-ஆல வகுத்தத மட்டும் பாத்தேன், 0.5. பக்கத்து வரியிலயே 287-ஆல வகுத்தது 1-ஐ ஒட்டி நின்னுச்சு. ரெண்டையும் சேத்துப் பாத்திருந்தா "சின்னது பெருசுக்குள்ள அப்படியே உக்காந்திருக்கு"ன்னு அதுவே சொல்லுது, நான்தான் காது குடுக்கல.

சரிக்கா, எந்த டூல் யூஸ் பண்றது? ஒரு பேரு சொல்லு போதும்.

ஒரே பேருதான் வேணும்னா யுஎஸ்-அலைன். 2022-ல வந்தது, அதுக்கு முன்னாடி கூட்டுக்குன்னு 2009-ல எம்எம்-அலைன் இருந்துச்சு, இப்போ அந்த வேலையும் இதுக்குள்ளயே அடங்கிடுச்சு, ஆர்என்ஏ டிஎன்ஏ கலந்த கூட்டையும் எடுத்துக்கும். எழுதின குழுவோட தலைவர் அதே யாங் ஜாங்தான், மிச்சிகன்ல இருந்தவர் இப்போ நம்ம என்யுஎஸ்ல (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) இருக்கார், ஸோ உள்ளூர்ச் சரக்குன்னே சொல்லிக்கலாம் லா.

ரெண்டு செட்டிங் மட்டும் மறக்காதீங்க. மைனஸ் எம்எம் 1 (-mm 1) குடுத்தா கூட்டோட கூட்ட அலைன் பண்ணும், அதாவது மேல மேல வச்சுப் பொருத்தும். மைனஸ் டெர் 0 (-ter 0) குடுத்தா எல்லா மாடல்லேர்ந்தும் எல்லா செயினையும் படிக்கும், அசெம்ப்ளி ஃபைலுக்கு இதுதான் வேணும், டெர் 1னா முதல் மாடல் மட்டும். இத எதையும் குடுக்காம ஓட்டினா முதல் செயின மட்டும் கம்பேர் பண்ணிட்டு 0.98னு சந்தோஷமா சொல்லும், பசங்களும் அத நம்பி ரிப்போர்ட்ல போட்டுட்டு வருவாங்க.

உங்க கிட்ட ஒரு கூட்டு இருக்கு, இதே மாதிரி பிடிபில வேற எது இருக்குன்னு தேடணும்னா அது வேற வேலை, அதுக்கு ஃபோல்ட்சீக்-மல்டிமர். ஃபோல்ட்சீக் என்ன பண்ணுதுன்னா, முப்பரிமாண உருவத்த இருபது எழுத்து உள்ள ஒரு அகரவரிசையா மாத்திடும், அப்புறம் டெக்ஸ்ட் தேடுற மாதிரி தேடும், அதனால வேகம் வேற லெவல். தென்கொரியா சியோல்ல இருக்குற ஸ்டைனெகர் குழுவோட வேலை, வெப்சைட்லயே போட்டுப் பாக்கலாம். தேட அது, தேடினதுல நாலஞ்ச எடுத்து நிதானமா அளக்க யுஎஸ்-அலைன், நான் பண்றது இப்படித்தான்.

கண்ணால பாக்க கைமேராஎக்ஸ் இல்லன்னா பைமால். இதுல ஒரு எச்சரிக்கை. கைமேராஎக்ஸ்ல மேட்ச்மேக்கர் போட்டா, நீங்க ஒண்ணும் சொல்லலன்னா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் நல்லாப் பொருந்துற ஒரு செயின் ஜோடிய மட்டும்தான் அலைன் பண்ணும், மிச்ச செயினெல்லாம் கூடவே இழுத்துட்டு வரும். அப்புறம் கீழ ஆர்எம்எஸ்டி ரெண்டு நம்பர் காட்டும், முதல்ல வர்றது பொருந்தாததையெல்லாம் கழிச்சுட்டுப் போட்டது, அடைப்புக்குறிக்குள்ள இருக்குறதுதான் எல்லாத்துக்கும் சேத்து. பைமால்ல அலைன் கமாண்டும் இப்படித்தான் ஒத்துவராதத வெளிய தள்ளிட்டு நல்ல நம்பர் காட்டும். பரீட்சையில தப்பாப் போன கேள்விய எடுத்துட்டு மார்க் போட்டா யாருக்கும் ஏ-தான்.

செயின் பேரு ரெண்டு ஃபைல்லயும் மாறி இருக்கு, நான் கையால மாத்தணுமா?

வேணாம், நல்ல டூல் எல்லாம் தானாவே ஜோடி சேத்துக்கும். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நாலு செயின நாலு செயினோட ஜோடி போட 24 வழி. ஹீமோகுளோபின்ல ஆல்ஃபாவ ஆல்ஃபாவோடதான் போடணும்னா 4 வழி. பன்னிரண்டு ஒரே மாதிரி செயின்னா 47 கோடியே 90 லட்சத்துக்கு மேல. இரும்பச் சேத்து வைக்கிற ஃபெரிட்டின்ல 24 சப்யூனிட், அதுக்கு எத்தனை வழின்னு எழுதினா 24 இலக்கம் வரும். ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்க முடியாது, அதனால டூல் எல்லாம் குறுக்கு வழியிலதான் தேடும், ஒரு ஜோடிய ஒட்டி வச்சுட்டு அதுக்கேத்த மாதிரி மத்தத தேடுறதுன்னு. எப்பவாவது தப்பும். ஸ்கோர் ரொம்ப மோசமா வந்தா முதல்ல எந்தச் செயின எதோட ஜோடி போட்டுச்சுன்னு பாருங்க, அவுட்புட்லயே இருக்கும், யாரும் படிக்கிறதில்ல.

டாக்-க்யூ, க்யூஎஸ்-ஸ்கோர்லாம் எதுக்கு? டிஎம்-ஸ்கோர் பத்தாதா?

டிஎம்-ஸ்கோர் மொத்த உருவத்தப் பாக்குது. இந்த ரெண்டும் ஒட்டுற இடத்த, இன்டர்ஃபேஸப் பாக்குது.

டாக்-க்யூ 2016-ல பாசு, வால்னர் ரெண்டு பேரும் எழுதினது. ஒரு மாடல், ஒரு உண்மையான ஸ்ட்ரக்சர், ரெண்டையும் குடுத்தா மூணு விஷயத்தப் பாத்து ஒரே நம்பராக் குடுக்கும்: உண்மையில இருக்குற தொடுப்புல எத்தனை பங்கு மாடல்ல இருக்கு, இன்டர்ஃபேஸ் எவ்வளவு விலகியிருக்கு, பெரிய பாகத்த ஒட்டி வச்சா சின்ன பாகம் எவ்வளவு தள்ளி நிக்குது. 0.23க்கு மேல பரவால்ல ரகம், 0.49 நடுத்தரம், 0.80 தாண்டினா உயர்தரம். முதல்ல ஜோடிக்கு மட்டும்தான் சரியா வரும், 2024-ல வந்த ரெண்டாவது வெர்ஷன் பெரிய கூட்டையும் செயின் ஜோடி போடுறதையும் தானாப் பாத்துக்குது.

க்யூஎஸ்-ஸ்கோர் சுவிட்சர்லாந்து பாசல் ஊர்ல சுவிஸ்-மாடல் குழு 2017-ல கொண்டு வந்தது, 0லேர்ந்து 1 வரைக்கும், எல்லா இன்டர்ஃபேஸ்லயும் எந்தெந்த ரெசிட்யூ எதுங்கூட நிக்குதுன்னு சேத்துப் பாக்கும். ஒரே செயின்தான், சேர்ற விதம் வேறங்கிற நம்ம நிலக்கடலை கேஸுக்கு இது நல்லா வேலை செய்யும், ஒட்டுற இடமே வேறன்னா நேரா 0 பக்கம் போயிடும், டிஎம்-ஸ்கோரோ அங்க ஒரு செயினாவது பொருந்துதேன்னு கொஞ்சம் மார்க் போட்டு விடும்.

ஆக்சிஜன் வந்தா ஹீமோகுளோபின் மாறுதுன்னு படிச்சோமே, அத இந்த டூல்ல எப்படிப் பாக்குறது?

வாங்க, என் கூத்துக்குப் பரிகாரம். இந்தத் தடவை 1எச்எச்ஓவோட அசெம்ப்ளி ஃபைல எடுங்க, நாலு செயினான்னு எண்ணுங்க. முழு கூட்ட முழு கூட்டோட யுஎஸ்-அலைன்ல போட்டா நல்ல ஸ்கோர்தான் வரும், மேல போட்ட கணக்கு ஞாபகம் இருக்கா, 574 ரெசிட்யூக்கு அது தாராளமா நடந்துக்கும். இங்க நின்னுட்டா ஆக்சிஜனுக்கு முன்னாடியும் பின்னாடியும் எல்லாம் ஒண்ணுதான்னு எழுதிடுவீங்க.

இப்போ கைமேராஎக்ஸ்ல ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடிய மட்டும், ஏ, பி செயின் மட்டும், மேல மேல வைங்க. அது கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும், அந்த ஜோடி உள்ளுக்குள்ள ரொம்ப அசையுறதில்ல. இப்போ கண்ண அந்தப் பக்கம் திருப்புங்க, எதிர் ஜோடி, சி, டி, சுமார் 15 டிகிரி சுத்தி நிக்கும். மாவரைக்குற திருகையில கீழ்க்கல்லு அசையாம இருக்க மேல்கல்லு கொஞ்சம் திரும்பின மாதிரி. அந்தத் திருப்பம்தான் டி நிலைக்கும் (ஆக்சிஜன் இல்லாதப்போ) ஆர் நிலைக்கும் (ஆக்சிஜன் பிடிச்சப்போ) வித்தியாசம், நுரையீரல்ல பிடிச்சு தசையில விடுறதே அதாலதான். இன்டர்ஃபேஸ் வாரியா டாக்-க்யூ போட்டாலும் இது தெரியும், ஜோடிக்குள்ள இருக்குற ஒட்டல் உயரத்துல நிக்கும், ரெண்டு ஜோடிக்கும் நடுவுல இருக்குற ஒட்டல் அத விட இறங்கும்.

இன்னும் ஒண்ணு சேத்துச் சொல்லிடுறேன், வீட்ல தலசீமியா பத்தி கேள்விப்பட்டவங்களுக்கு இது புரியும். ஆல்ஃபா உற்பத்தி ரொம்பக் குறைஞ்சா பீட்டா நாலு பேரு தங்களுக்குள்ளயே கூட்டு சேந்துடுவாங்க, அதுக்கு ஹீமோகுளோபின் எச்னு பேரு. உருவத்துல சாதாரண ஹீமோகுளோபினோட ஆர் நிலை மாதிரியே இருக்கும், ஸ்கோரும் நல்லாத்தான் வரும், ஆனா அது டி நிலைக்குப் போகாது, பிடிச்ச ஆக்சிஜன விடாது, உடம்புக்கு அதால பிரயோஜனம் இல்ல. உருவம் ஒண்ணா இருந்தா வேலையும் ஒண்ணா இருக்கும்னு எந்த டூலும் சத்தியம் பண்ணிக் குடுக்கல.

டெங்கு பத்தி ஏதாவது செய்யலாமா? ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் வேணும்.

ப்ளாக் கீழ சிவப்பு பேனர் தொங்குற ஊர்ல இருந்துக்கிட்டு இத விட நல்ல டாபிக் எங்க கிடைக்கும். டெங்கு கிருமியோட மேல்தோல்ல ஈ புரோட்டீன் 180 காப்பி இருக்கு, முதிர்ந்த கிருமியில அது 90 ஜோடியா படுத்த வாக்குல பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். நம்ம செல்லுக்குள்ள போய் அமிலத்தன்மை கூடினதும் ஜோடி பிரிஞ்சு மூணு மூணா எழுந்து நின்னு சவ்வோட ஒட்டி உள்ள நுழைஞ்சுடும். அதே புரோட்டீன், முன்னாடி டைமர், பின்னாடி டிரைமர். பிடிபில ஜோடிக்கு 1ஓஏஎன் (1OAN), மூணுக்கு 1ஓகே8 (1OK8) எடுத்துப் பாருங்க.

இதுல ஒரு வலை இருக்கு. டைமர்லேர்ந்து டிரைமருக்குப் போறப்போ செயினே மடங்குது, மூணாவது டொமைன் (செயினுக்குள்ள தனியா மடிஞ்சு நிக்கிற ஒரு பாகம்) மட்டும் 30 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல நகர்ந்து மடிஞ்சுக்கும். யுஎஸ்-அலைன் செயின விறைப்பாத்தான் வச்சுப் பாக்கும், அதனால ஒத்தச் செயின் ஸ்கோரே இறங்கிடும். பயந்துடாதீங்க, டொமைன் டொமைனா வெட்டிப் போட்டுப் பாருங்க, ஒவ்வொண்ணும் தனியா நல்லாப் பொருந்தும். மாறினது எது, நகர்ந்தது எதுன்னு அப்பத்தான் பிரிச்சுச் சொல்ல முடியும்.

முழு கிருமியையே எடுக்கணும்னா அதுவும் இங்கயே இருக்கு, ஊட்ராம் பக்கத்துல டியூக்-என்யுஎஸ்ல லோக் ஷீ மெய் குழு டெங்கு 2 வகை கிருமி 37 டிகிரில விரிஞ்சுக்குதுன்னு 2013-ல காட்டினாங்க, கொசுவுக்குள்ள ஒரு உருவம் நம்ம உடம்புச் சூட்டுல வேற உருவம். 2016-ல ஜிகா ஸ்ட்ரக்சர் ஒண்ணையும் அவங்க வெளியிட்டாங்க. சொல்லிட்டேன், கிருமி முழுசா எடுத்தா பழைய பிடிபி ஃபார்மேட்ல அடங்காது, 62 செயினுக்கு மேல அதுக்கு எழுத்தே பத்தாது, எம்எம்சிஃப்ங்கிற (mmCIF) புது ஃபார்மேட்ல எடுங்க.

சிமெட்ரிய மட்டும் பாக்க ஏதாவது இருக்கா?

அனனாஸ்னு ஒண்ணு இருக்கு, பேரக் கேட்டா அன்னாசிப்பழம் ஞாபகம் வரும். கூட்டக் குடுத்தா அச்சு எங்க இருக்கு, எவ்வளவு கச்சிதம்னு சொல்லும். ஹீமோகுளோபின் கறாராப் பாத்தா சி2 (அரைச் சுத்து சுத்தினா பழையபடியே தெரியுற அச்சு ஒண்ணு), ஆல்ஃபாவும் பீட்டாவும் சொந்தக்காரங்கன்னு கொஞ்சம் விட்டுக் குடுத்துப் பாத்தா டி2 (அப்படி மூணு அச்சு) மாதிரி.

ஆல்ஃபாஃபோல்ட்ல ஐபிடிஎம் 0.85 வந்துச்சு, அப்போ என் கூட்டு சரிதானே?

ஆல்ஃபாஃபோல்ட்ங்கிறது புரோட்டீன் உருவத்தக் கணிக்கிற ஏஐ, அது போடுற மார்க்தான் ஐபிடிஎம். ஐபிடிஎம் ஒப்பீடு இல்ல, அது மாடல் தன்னைப் பத்தி தானே சொல்லிக்கிற நம்பிக்கை. 0.8க்கு மேலன்னா நல்ல அறிகுறி, 0.6க்குக் கீழன்னா பெரும்பாலும் சொதப்பல், நடுவுல இருந்தா சொல்ல முடியாது. ஆனா எத்தனை காப்பின்னு நீங்கதானே குடுத்தீங்க? டெட்ராமர் புரோட்டீன ரெண்டே காப்பி போட்டாலும் அழகா ஒரு டைமர் குடுத்து நல்ல ஸ்கோரும் போடும். ரெண்டு, மூணு, நாலு, ஆறுன்னு மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க, அப்புறம் கிடைச்சத தெரிஞ்ச சொந்தக்கார ஸ்ட்ரக்சரோட க்யூஎஸ்-ஸ்கோர்ல வச்சுப் பாருங்க. நோபல் 2024-ல குடுத்துட்டாங்கங்கிறதுக்காக எண்ணிப் பாக்குற வேலைய அது செஞ்சுடும்னு இல்ல.

இதுக்கெல்லாம் சூப்பர் கம்ப்யூட்டர் வேணுமா?

வேணாம். யுஎஸ்-அலைன் ஒரே ஒரு சி++ ஃபைல், கம்பைல் பண்ணா பழைய லேப்டாப்லயும் ஹீமோகுளோபின் கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சுடும். ஆயிரக்கணக்குல ஒப்பிடணும்னா அப்போ யோசிக்கலாம்.

ரிப்போர்ட்ல என்ன எழுதணும்?

வெறும் "டிஎம்-ஸ்கோர் 0.91"னு எழுதினா எங்க பாஸ் திருப்பி அனுப்பிடுவார். எந்த என்ட்ரி, எத்தனாவது அசெம்ப்ளி, அத யார் சொன்னது பேப்பரா சாஃப்ட்வேரா, எத்தனை செயின், எந்தச் செயினுக்கு எது ஜோடி, எந்த நீளத்தால வகுத்தது, டூலோட வெர்ஷன், குடுத்த செட்டிங். ஆர்எம்எஸ்டி போட்டா எத்தனை ரெசிட்யூக்குன்னு பக்கத்துலயே போடுங்க. முழு ஸ்கோரும் இன்டர்ஃபேஸ் ஸ்கோரும் ஒத்துப்போகலன்னா ரெண்டையும் போடுங்க, நல்லா இருக்குறத மட்டும் எடுத்துப் போடாதீங்க. படம் வச்சா எந்தச் செயின அசையாம வச்சீங்கன்னு கீழ எழுதுங்க, நான் போட்ட அந்த நாலு ஸ்லைடுல அது எதுலயும் இல்ல.